560 கிலோ சீஸும் ஓட்டுப் போடாத கைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். அரை லிட்டர் பாலைக் காய்ச்சினேன். பொங்கி வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பால் திரிந்துவிட்டது. வெள்ளைத் திரள் ஒரு பக்கம், இளமஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்து எடை போட்டால் 90 கிராம் பன்னீர். இரண்டு பேர் சாப்பிடக்கூடக் காணாது. (நீங்களும் செய்து பாருங்கள். அடுப்புப் பக்கம் பெரியவர் யாராவது இருக்கட்டும்.)

அந்த 90 கிராமைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை யோசித்தேன்: 560 கிலோவில் ஒரே ஒரு சீஸ் செய்ய வேண்டுமென்றால் எப்படிச் செய்வார்கள்? செய்திருக்கிறார்கள். 1801-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மலைப்பகுதியில் இருக்கும் செஷயர் என்ற சின்ன ஊரில். அதை அவர்கள் விற்கச் செய்யவில்லை, தின்னவும் செய்யவில்லை. புதிதாகப் பதவிக்கு வந்த ஜனாதிபதிக்குப் பரிசாக அனுப்பச் செய்தார்கள்.

ஒரு விஷயம். சீஸைத் தமிழில் பாலாடைக்கட்டி என்று புத்தகங்களில் எழுதுகிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு. சீஸ் ஏட்டிலிருந்து வருவதில்லை, பாலுக்குள் மிதக்கும் புரதத்திலிருந்து வருகிறது. அதனால் சீஸ் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். 1800-இல் நடந்த தேர்தல் லேசானதாக இல்லை. ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர் என்பவருக்கும் தேர்வாளர் ஓட்டுகள் ஆளுக்கு 73 என்று சமமாகிவிட்டன. பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகுதான் ஜெஃபர்சன் வென்றார். மாசசூசெட்ஸில் அப்போது அவருடைய எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட்டுகளின் கொடிதான் பறந்தது. ஆனால் செஷயர் ஜெஃபர்சன் பக்கம் நின்றது. அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். மாநிலத்தில் செல்வாக்காக இருந்த வேறொரு திருச்சபைக்கு வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது அவர்களுக்கு எரிச்சல். எந்த மதத்துக்கும் அரசு வால் பிடிக்கக் கூடாது என்று சொன்ன ஜெஃபர்சனை அவர்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஊர்ப் போதகர் ஜான் லேலண்ட் யோசனை சொன்னார்: நம்மிடம் இருப்பது மாடு, நாம் கொடுக்கக்கூடியது சீஸ். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், ஊரே சேர்ந்து ஒன்றாகக் கொடுப்போம்.

ஒரு நிபந்தனையும் போட்டார்களாம். ஃபெடரலிஸ்ட் கட்சிக்காரர் வீட்டு மாட்டின் பால் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது! அந்தப் பால் கலந்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்று கேலி.

சுமார் 900 பசுக்களின் பால் சேர்ந்தது என்கிறார்கள். இதை அப்படியே நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கெட்டி சீஸுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் வேண்டும். அப்படியானால் 560 கிலோவுக்கு 5,600 லிட்டர். 900 மாடு என்றால் மாட்டுக்கு ஆறு லிட்டர் சொச்சம். அந்தக் காலத்து மாடு ஒரு நாளைக்குக் கறக்கக்கூடிய அளவுதான். கதை கணக்கில் தேறிவிட்டது.

இனி அடுத்த கேள்வி. இந்த 5,600 லிட்டரையும் சீஸாக மாற்றியது யார்? நியூ இங்கிலாந்து கிராமங்களில் பால் வேலை பெண்களின் வேலை. கறப்பது, காய்ச்சுவது, திரிப்பது, பிழிவது, உப்பிடுவது, மாதக்கணக்கில் திருப்பிப் போட்டுக் காப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெப்பமானி கிடையாது. பால் வெதுவெதுப்பாக, ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இட்லி மாவு புளித்துவிட்டதா என்று பாட்டி வாசனையிலேயே சொல்வது போலத்தான். எழுதி வைக்காத அறிவியல்.

நான் எலுமிச்சை விட்டேன். அவர்கள் விட்டது ரென்னெட். பால்குடி மறவாத கன்றுக்குட்டியின் நான்காவது இரைப்பையை உப்பிட்டு உலர்த்தி, ஒரு துண்டை நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. அதில் கைமோசின் என்ற நொதி இருக்கிறது. பாலில் கேசின் என்ற புரதம், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் மெல்லிய முடிபோன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் உருண்டை இன்னோர் உருண்டையை நெருங்கினால் இந்த முடிகள் தள்ளிவிடும். அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது. கைமோசின் ஒரு நல்ல நாவிதர், அந்த முடியை மட்டும் மழித்துவிட்டுப் போய்விடும். மொட்டையான உருண்டைகள், பாலில் இருக்கும் கால்சியத்தின் உதவியோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலைபோல் பின்னிக்கொள்ளும். கொழுப்பும் கொஞ்சம் நீரும் அந்த வலையில் மாட்டிக்கொள்ளும். கன்றின் வயிற்றில் இது எதற்கு என்கிறீர்களா? பால் சட்டென்று ஓடிப்போகாமல் கட்டியாகி, நின்று நிதானமாகச் செரிப்பதற்கு.

குறித்த நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தயிர்க்கட்டிபோல் உறைந்த திரள் வந்து சேர்ந்தது. இவ்வளவையும் அழுத்த எந்த வீட்டுச் சீஸ் அச்சும் போதாது. ஆப்பிள் சாறு பிழியும் பெரிய மர அழுத்தியைக் கொண்டுவந்து அதில் போட்டுத் திருகினார்கள். அந்த அழுத்தியின் மாதிரியைக் கான்கிரீட்டில் செய்து செஷயரில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அது லேலண்டின் நினைவாக வைத்தது. திரித்த பெண்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

வெளியே வந்த சீஸின் குறுக்களவு நான்கு அடிக்குச் சற்று மேல், உயரம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. இதையும் விடக் கூடாது. ஆரம் 61 செ.மீ., உயரம் 43 செ.மீ. என்று வைத்து, உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போடுங்கள். ஏறக்குறைய 500 லிட்டர் வரும். கெட்டி சீஸ் தண்ணீரைவிடச் சற்றுக் கனம். ஆக 550 கிலோவை ஒட்டி வரவேண்டும். அன்று எடை போட்டது 1,235 பவுண்டு, அதாவது 560 கிலோ. பரவாயில்லை, பொய் சொல்லவில்லை!

இந்தச் சீஸுக்கு ‘மாமூத் சீஸ்’ என்று பெயர் வந்தது இன்னொரு கதை. அதே 1801 கோடையில் நியூயார்க் மாநிலத்து விவசாயி ஒருவரின் நிலத்தில், சேறும் நீரும் நிரம்பிய குழியிலிருந்து ராட்சத எலும்புகளைத் தோண்டிக்கொண்டிருந்தார் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர். குழியில் ஊறும் நீரை இறைக்க ஒரு பெரிய சக்கரம். உள்ளே மனிதர்கள் நடக்க நடக்கச் சக்கரம் சுழலும், வாளிகள் வரிசையாக நீரை மேலே கொண்டுவந்து கொட்டும். நம் ஊர் ஏற்றத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடக் கடைசியில் பிலடெல்பியாவில் எலும்புக்கூட்டை நிறுத்திக் காட்டினார். அது மாமூத் என்ற பழங்கால யானை இனத்தின் எலும்பு என்று நம்பி ஊரெல்லாம் மாமூத் பைத்தியம் பிடித்தது. ரொட்டிக்கடைக்காரர் ‘மாமூத் ரொட்டி’ விற்றார். பத்து நிமிடத்தில் 42 முட்டை தின்ற ஒருவருக்கு ‘மாமூத் தின்னி’ என்று பட்டம். ‘ரொம்பப் பெரிய’ என்ற பொருளில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். வேடிக்கை என்னவென்றால் பீல் எடுத்தது மாமூத்தே அல்ல, அதன் உறவினரான மாஸ்டோடான். பிரெஞ்சு அறிஞர் கூவியே 1806-இல்தான் அந்தப் பெயரை வைத்தார்.

எலும்புக்குள்ளும் அரசியல் இருந்தது. அமெரிக்க மண்ணில் விலங்குகள் எல்லாம் சிறுத்து, சோனியாகப் போய்விடும் என்று பிரான்ஸின் பெரிய இயற்கையியலாளர் பூஃபோன் எழுதியிருந்தார். ஜெஃபர்சனுக்குக் கோபமான கோபம். மூஸ் என்ற பிரம்மாண்டமான மானின் தோலையும் எலும்பையும் 1787-இல் பாரீஸுக்கே வரவழைத்துக் காட்டியவர் அவர். மன்னரில்லாத நாடு நோஞ்சான் நாடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பெரிய எலும்பு, பெரிய சீஸ் எல்லாம் அதற்கான சாட்சிகள்!

பீலின் எலும்புகளைப் பொருத்த உதவியவர்களில் மோசஸ் வில்லியம்ஸ் என்பவரும் ஒருவர். பீல் குடும்பத்தில் அடிமையாக வளர்ந்த கறுப்பின இளைஞர். பின்னால் விடுதலை பெற்று, பீலின் மியூசியத்தில் ஒரு கருவியின் உதவியால் காகிதத்தில் முகங்களின் நிழலுருவை வெட்டிக் கொடுத்தார். எண்ணெய்ச் சாயத்தில் படம் வரைந்துகொள்ளப் பணக்காரர்களால்தான் முடியும். மோசஸிடம் சில காசு கொடுத்தால் சாதாரண ஆளின் முகமும் சுவரில் தொங்கும். ஆயிரக்கணக்கில் வெட்டினார். நான் ஜனநாயகம் என்று சொல்லும்போது என் கண்ணில் வருவது தேர்தல் மேடை அல்ல, இந்தக் கத்தரிக்கோல்தான்.

சீஸுக்குத் திரும்புவோம். 1801 குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டி, பாய்மரக் கப்பல், குதிரை வண்டி என்று மாறி மாறிப் பயணம் செய்து அது வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. 1802 புத்தாண்டு நாளில் ஜெஃபர்சன் வரவேற்று வாங்கிக்கொண்டார். இலவசமாகப் பரிசு வாங்குவதில்லை என்பது அவர் கொள்கை, அதனால் 200 டாலர் கொடுத்தார். அன்றைய தினமே கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்ட்டுகளுக்கு ஒரு கடிதமும் எழுதினார். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர் என்ற கருத்து அதில்தான் இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் அந்தக் கடிதத்தை எடுத்துப் பேசுகின்றன.

இவ்வளவு பெரிய சீஸ் கெடாமல் இருந்ததா? இல்லை. நடுப்பகுதி உப்பி, கெட்டுப்போய், வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்று அக்காலச் செய்தி. இதற்குக் காரணம் தேர்தலோ கட்சியோ அல்ல, வடிவியல். 20 செ.மீ. குறுக்களவும் 7 செ.மீ. உயரமும் உள்ள சாதாரணச் சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். செஷயர் சீஸ் எல்லாப் பக்கமும் அதைப்போல் ஆறு மடங்கு. மேற்பரப்பு ஆறு ஆறு 36 மடங்கு ஆகும். உள்ளிருக்கும் சரக்கோ 216 மடங்கு. ஆக ஒவ்வொரு கிலோ சீஸுக்கும் கிடைக்கும் ‘தோல்’ ஆறில் ஒரு பங்குதான். உள் ஈரம் வெளியேற வழி தூரமாகிறது, உப்பு நடுவரை போய்ச்சேர நாளாகிறது. அதற்குள் வேண்டாத பாக்டீரியா நடுவில் குடியேறி வாயுவை விட்டுச் சீஸை ஊதவைத்துவிடும். கனமான இட்லியின் நடுவே மாவாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே வில்லங்கம்.

இந்தச் சீஸைச் செய்ததில் அடிமை உழைப்பு ஒரு துளியும் இல்லை என்று செஷயர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். வாங்கியவர் யார்? தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த ஜெஃபர்சன். அந்த வரியைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை.

அந்த நாட்டில் அப்போது யார்தான் ஓட்டுப் போட்டார்கள்? பெரும்பாலும் நிலமோ சொத்தோ வைத்திருக்கும், அல்லது வரி கட்டும் வெள்ளை ஆண்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. நியூஜெர்சியில் 50 பவுண்டு சொத்துள்ள எல்லாக் குடியிருப்பாளர்களும் போடலாம் என்று 1776-இல் சட்டம் செய்தபோது ஆண் என்று எழுதவில்லை. சொத்துள்ள விதவைகளும் திருமணமாகாத பெண்களும் உண்மையிலேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். சொத்துள்ள கறுப்பினத்தவரும் போட்டார்கள். 1807-இல் ஒரு புதுச் சட்டம் வந்து இருவரையும் வெளியே தள்ளியது. ஓட்டுரிமை எப்போதும் ஏறுமுகமாகவே போகும் என்று பாடப்புத்தகம் படித்து நினைத்திருந்தேன். அது இறங்கவும் செய்யும்.

வெள்ளை ஆண்களுக்கு மட்டும் கதவு வேகமாகத் திறந்தது. மேற்கே புதிதாகச் சேர்ந்த மாநிலங்கள் சொத்து நிபந்தனையை வைக்கவே இல்லை, பழைய மாநிலங்களும் ஒவ்வொன்றாக எடுத்தன. நியூயார்க் 1821-இல் வெள்ளையருக்கு எடுத்துவிட்டு, கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. ஒரே சட்டம், இரண்டு தராசு. 1824 ஜனாதிபதித் தேர்தலில் பதிவான மக்கள் ஓட்டு மூன்றரை லட்சம் சொச்சம். நான்கே வருடத்தில், 1828-இல், 11 லட்சத்தைத் தாண்டியது. வென்றவர் ஆண்ட்ரூ ஜாக்சன், பள்ளிப்படிப்பு குறைவான, போரில் பெயர் வாங்கிய ஆள். 1829 மார்ச் 4 அன்று பதவியேற்பு விழாவுக்கு வந்த கூட்டம் வெள்ளை மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டது. சேற்றுக் காலோடு பட்டு நாற்காலிகளில் ஏறி நின்றார்கள், பீங்கான் நொறுங்கியது. கடைசியில் பானத் தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கூட்டம் பின்னாலேயே வெளியேறியது.

இதற்கிடையே சீஸ் போகும் பாதையும் மாறியிருந்தது. 1817-இல் தொடங்கி 1825-இல் முடிந்த ஈரி கால்வாய், பேரேரிகளை ஹட்சன் ஆற்றோடு 363 மைல் தூரத்துக்கு இணைத்தது. ஆழம் நான்கே அடி. நடுவில் மேடு வந்தால் படகு எப்படி ஏறும்? 83 பூட்டறைகள் கட்டினார்கள். படகை ஓர் அறைக்குள் விட்டுக் கதவை மூடுவார்கள், மேல்பக்கத்து நீரைத் திறந்துவிடுவார்கள். நீர் ஏற ஏறப் படகும் ஏறும், பிறகு மேல் கதவைத் திறந்தால் படகு அடுத்த மட்டத்தில். எந்திரமே வேண்டாம், தண்ணீரின் எடைதான் வேலை செய்கிறது. பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் ஆனது சுமார் 10 டாலருக்கு இறங்கியது. ஏரிக்கரைப் பண்ணையில் செய்யும் சீஸ் இனி நகரத்துச் சந்தையில் விலைபோகும்.

அப்படி ஒரு பண்ணை சாண்டி க்ரீக் என்ற ஊரில் இருந்தது. அந்த மண் முன்பு ஒனைடா என்ற பூர்வகுடி மக்களுடையது. 150 பசு வைத்திருந்த தாமஸ் மீச்சம், செஷயரை மிஞ்ச வேண்டும் என்று 1835-இல் 1,400 பவுண்டில், அதாவது 635 கிலோவில், ஒரு சீஸ் செய்து கால்வாய் வழியாக ஜாக்சனுக்கு அனுப்பினார். முதல் சீஸ் ஊர் கூடிச் செய்தது. இது ஒரு முதலாளி தன் பண்ணைக்குச் செய்துகொண்ட விளம்பரமும்கூட.

அது வெள்ளை மாளிகைக் கூடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் கிடந்தது. சீஸ் கிடக்கக் கிடக்கப் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும், கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்களாகும். இவற்றில் சில லேசாக ஆவியாகி மூக்கைத் துளைப்பவை. பியூட்ரிக் அமிலம் கெட்டுப்போன வெண்ணெயின் வாசனை, பேர் சொன்னாலே மூக்கைப் பிடிப்பார்கள். 1837 பிப்ரவரி 22 அன்று யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம் என்று ஜாக்சன் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. விரிப்பில் மிதிபட்ட துண்டுகளின் வாடையோடு அடுத்து வந்த ஜனாதிபதி வான் பியூரன்தான் மல்லுக்கட்டினாராம்.

யார் வேண்டுமானாலும் என்றுதானே சொன்னேன்? அதே ஜாக்சன் 1830-இல் கையெழுத்திட்ட சட்டத்தால், தென்கிழக்கில் வாழ்ந்த செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் 1838-இல் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்ல. செக்வோயா என்பவர், வேறு எந்த மொழியையும் படிக்கத் தெரியாதவர், 1821-க்குள் தன் மொழிக்கு 80-க்கும் மேற்பட்ட எழுத்துகளைத் தானே உருவாக்கினார். நம் க, கி, கு போல ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. ஆனால் நம்முடையதில் ‘கி’யைப் பார்த்தால் ‘க’ தெரியும், அங்கே ஒவ்வொன்றும் தனி உருவம். சில வருடங்களில் மக்கள் பெருவாரியாகப் படிக்கக் கற்றார்கள். 1828-இல் அந்த எழுத்தில் ஒரு பத்திரிகையே வந்தது. தங்கள் நிலத்துக்காக நீதிமன்றம் போனார்கள், 1832-இல் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பும் வந்தது. விரட்டலை அது நிறுத்தவில்லை.

பால் கறந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று? 1851-இல் நியூயார்க் மாநிலத்துக் கால்வாய்க்கரை நகரமான ரோமில் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் என்பவர் அக்கம்பக்கத்துப் பாலையெல்லாம் ஒரே இடத்தில் வாங்கிச் சீஸ் தொழிற்சாலை நடத்தத் தொடங்கினார். அது பரவப் பரவ, வீட்டுப் பெண்களின் கையில் இருந்த வேலை ஆண்கள் நடத்தும் ஆலைக்குப் போய்விட்டது. கையை விட்டுச் சூடு பார்த்தவர்களின் இடத்தை வெப்பமானி பிடித்தது.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 1848 ஜூலையில், அதே நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ் ஊரில் சுமார் 300 பேர் கூடினார்கள். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்ற கோரிக்கையும் அடங்கிய அறிக்கையில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸும் அவர்களில் ஒருவர். வீட்டிலிருந்தே கையுறை தைத்துக்கொண்டிருந்த சார்லட் வுட்வர்ட் என்ற இளம்பெண்ணும் கையெழுத்திட்டார். 1920-இல் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தபோது, கையெழுத்திட்ட பெண்களில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. தேர்தல் நாளில் உடம்பு சரியில்லாமல் போனதால் அவரால் வாக்குச்சாவடிக்குப் போக முடியவில்லை.